பிடரி ஒட்டு

உலகம்மை வீட்டுக்குப் போனபோது அண்ணன் இசக்கியப்பன் கட்டிலுக்கு அடியில் கிடந்தான். செம்புத் தண்ணீரைப் பார்த்தே அலறினான். மூன்று ஆண்டுகளாகக் கடலுக்கு அடியில் சுரங்கம் தோண்டியவன்.

“போன சனிக்கிழம எண்ணெ தேச்சுக் குளிக்கணும்னு பிடரி ஒட்டக் கழட்டுனாவ. அரைமணி நேரந்தானேன்னாவ,” என்றாள் மதினி சண்முகக்கனி.

சுரங்கத்தில் இறங்கும் எல்லார் பிடரியிலும் அந்த ஒட்டு உண்டு. பயம் வந்ததும் மூளை உயிரணுக்களில் அந்தச் செய்தியைச் சுமந்து தூதிழைகள் புறப்படும். ரைபோசோம்கள் அவற்றைப் படித்துப் புரதம் செய்தால்தான் பயம் மனத்தில் தங்கும். ஒட்டு அந்தப் படிப்பை நிறுத்திவிடும். தூங்கி எழுந்தால் நடந்தது நினைவிருக்கும், நடுக்கம் இருக்காது.

“படிக்காத தூதிழை தானா அழிஞ்சிரும்னு நெனச்சோம்மா,” என்றார் வந்திருந்த நிறுவன மருத்துவர். “அழியல. உயிரணு அதையெல்லாம் பொட்டலம் கட்டி வச்சிருந்திருக்கு. ஒட்டு போனதும் மூணு வருசப் பயத்தையும் ஒரே மூச்சுல படிச்சிருச்சு. இனி திரும்ப ஒட்டியும் பிரயோசனம் இல்ல.”

“அப்ப என் ஒட்டு?” என்றாள் அதே சுரங்கத்தில் வேலை பார்க்கும் உலகம்மை.

“கழட்டாதீங்க. எப்பவுமே.”

உலகம்மை பிடரியில் கை வைத்து ஒட்டை அழுத்திக்கொண்டாள். சுரங்கக் கூரை நான்கு முறை இடிந்தபோதும் அவளும் அங்கேதான் இருந்தாள். கட்டிலடியிலிருந்து ஒரு கை நீண்டு அவள் கணுக்காலைப் பற்றியது.

“கழட்டிராத தங்கச்சி.” அவன் பற்கள் அடித்துக்கொண்டன.

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. இந்தப் பயமும் காலையில் இருக்காது.

“மதினி, பிளாஸ்திரி இருந்தா என் ஒட்டுக்கு மேல ஒட்டுங்க. நாளைக்கு வெள்ளிக்கிழம, நான் எண்ணெ தேய்க்கிற நாளு.”

“எல்லாந் தெரிஞ்ச பெறவு நீ ஏன் கழட்டப் போற?”

“தெரியும். பயம் இருக்காதுல்லா.”

சண்முகக்கனி நான்கு அடுக்கு ஒட்டினாள். “கோயில் உண்டியலுக்குக்கூட இத்தன பூட்டு கெடையாதுட்டி,” என்றாள்.

காலையில் எழுந்தபோது உலகம்மைக்கு உடம்பு லேசாக இருந்தது. நல்லெண்ணெயில் மிளகு போட்டுக் காய்ச்சினாள். அண்ணன் கிடந்த கிடப்பு, மருத்துவர் பேச்சு, எல்லாம் சொல்லுக்குச் சொல் நினைவிருந்தது, ஏதோ அசலூர்ச் செய்தி போல. பாவம் அண்ணன், சின்ன வயதிலிருந்தே பயந்தாங்கொள்ளி.

பிடரியில் பிளாஸ்திரி அரித்தது. எண்ணெய் வேறு ஆறிக்கொண்டிருந்தது.

அரைமணி நேரந்தானே.

ஓரத்தை நகத்தால் நெம்பினாள்.