ஓடைக்கு மேலே ஓர் ஆஸ்பத்திரி

"ஐயோ...! அக்கா...! ஓடி வாக்கா...!"

தோஹீராவின் அலறல் மலைச்சரிவில் மோதித் திரும்பியது.

கேப்டவுன். 1882 நவம்பர். காலை ஆறரை மணி.

ஓடைக்கரையில் முப்பது சலவைக்காரிகள். கையிலிருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள்.

மேல் கல்லில்... ஒரு வெள்ளைக்காரன். மல்லாந்து கிடந்தான். கால்கள் தண்ணீரில். திறந்த கண்கள் வானத்தில்.

முகம் முழுக்கச் சிவப்புக் கொப்புளங்கள்!

"பெரியம்மை!"

எல்லோரும் பின்வாங்கினார்கள்.

ஒருத்தி மட்டும் முன்னால் போனாள்.

கலீமா. வயது முப்பத்து மூன்று. அவளுடைய ஒன்பதாவது வயதில் அம்மை வந்து அம்மாவைக் கொண்டுபோயிற்று. மகளை விட்டுவிட்டது... முகம் முழுக்கத் தழும்பைக் கொடுத்துவிட்டு.

"தொடாதேக்கா!"

"எனக்கு ஒரு தடவை வந்தாச்சு தோஹீரா. திரும்பி வராது."

குனிந்து பார்த்தாள். திடுக்கிட்டாள்.

"அடியே... இது நம்ம சர்வேயர் பெக்ஸ்லி தொரடி!"

முந்தின நாள் சாயங்காலம்தான் அந்த மனிதர் இதே கல்லில் உட்கார்ந்து அவர்களிடம் பேசிவிட்டுப் போனார்.

ஊரில் ஐந்து மாதமாக அம்மை. ஆஸ்பத்திரி கட்டியே ஆகவேண்டும். எங்கே...?

கவுன்சிலர் ஹார்ட்விக் கை நீட்டிய இடம், இந்த ஓடைக்கு மேலே! பெக்ஸ்லி நான்கு வாரம் அளந்து பார்த்துவிட்டுத் தலையாட்ட மறுத்தார். "மேல கட்டினா ஆஸ்பத்திரித் தண்ணியும் காத்தும் ஊருக்குள்ளதான் இறங்கும். கடலோர மணல்வெளிதான் சரி. நாளைக்கு அறிக்கை கொடுத்துடறேன்" என்றார்.

அந்த நாளைதான் இன்றைக்கு விடிந்திருந்தது.

கடகடவென்று சத்தம்.

இரண்டு வண்டிகள் மேடேறி வந்தன. நான்கு கான்ஸ்டபிள்கள். சார்ஜென்ட் மல்டூன், அயர்லாந்துக்காரர், மூக்கை மூடிய கைக்குட்டையோடு. பின்னால் குதிரையில்... கவுன்சிலர் ஹார்ட்விக்!

"பாத்தீங்களா சார்ஜென்ட்? தகவல் வந்ததும் நான் சொன்னேனே! நம்ம ஆளு ஒருத்தரைக் கொன்னுட்டாளுங்க! இவளுங்க வீதி முழுக்க நோய். ஒளிச்சு வச்சிருக்காளுங்க!"

"என்ன பண்ணணும்ங்கறீங்க?"

"வீடுகளை இன்னிக்கே காலி பண்ணுங்க! படுக்கையை எரிங்க! அடம்பிடிச்சா வண்டியில தூக்கிப் போடுங்க! ஆஸ்பத்திரி இங்கதான்... இந்த ஓடைக்கு மேலதான்!"

பெண்கள் தங்கள் வீதிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். தோஹீராவின் கைக்குழந்தை வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தது.

கலீமா எழுந்தாள். ஈரக்கையை இடுப்பில் ஊன்றினாள்.

"தொர... ஒரு சந்தேகம்."

"உனக்கென்ன சந்தேகம்?"

"பிணத்தைப் பாத்து நாங்க கத்தி கால் மணி நேரம்கூட ஆகலை. நாங்க யாரையும் அனுப்பவும் இல்லை. உங்களுக்கு யார் தகவல் சொன்னது?"

ஹார்ட்விக் கடிவாளத்தை இறுக்கினான்.

"சார்ஜென்ட்! இவளை அப்புறப்படுத்துங்க!"

"ஏம்மா, தள்ளிப் போ. செத்தவர்கிட்ட நிக்காதே" என்றார் மல்டூன். குரலில் பாதி பயம், பாதி இரக்கம்.

"போக மாட்டேன்!"

பொத்தென்று பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நேத்து சாயங்காலம் இந்த முகம் கண்ணாடி மாதிரி இருந்துச்சு சார்ஜென்ட். ஒரே ராத்திரியில இத்தனை கொப்புளமா? காய்ச்சல் வந்து, மூணு நாள் படுக்க வச்சு, அப்புறம்தான் அம்மை முத்து போடும். இவர்கிட்ட மட்டும் அதுக்கு என்ன அவசரம்?"

மல்டூன் கைக்குட்டையை இறக்கினார்.

"இதோ உள்ளங்கை. ஒரு முத்துகூட இல்லை. பாதத்தைப் பாருங்க. அங்கேயும் இல்லை. எனக்கு வந்தப்போ பாதத்துல ஊசி குத்த இடமில்லை!"

"பிதற்றல்! இவ என்ன டாக்டரா?" என்று கத்தினான் ஹார்ட்விக்.

"இல்லை தொர. சலவைக்காரி. கறையைப் பாத்தா எதுலேர்ந்து வந்ததுன்னு சொல்லுவேன்."

பெக்ஸ்லியின் கன்னத்தில் நகத்தை வைத்தாள். மெல்லச் சுரண்டினாள்.

கொப்புளம்... பெயர்ந்து வந்தது!

சுருண்ட சிவப்புத் துணுக்கு ஒன்று அவள் நகத்தில். அதை சார்ஜென்டிடம் நீட்டினாள்.

மல்டூன் முகர்ந்தார். முகம் மாறியது.

"அரக்கு! கடுதாசிக்கு முத்திரை வைக்கிற அரக்கு!"

"உருக்கிச் சொட்டு சொட்டா விட்டிருக்காங்க. இப்போ பின்மண்டையைத் தொட்டுப் பாருங்க."

மல்டூன் முழந்தாளிட்டுத் தொட்டார். விரல்கள் கருஞ்சிவப்பாகத் திரும்பின.

"யாரோ அடிச்சுக் கொன்னுருக்காங்க..."

பின்வாங்கிய பெண்கள் ஒவ்வொருத்தியாக முன்னால் வந்தார்கள். கலீமாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கடைசியாகத் தோஹீராவும். வண்டிகள் மேலே போக வேண்டுமானால் இனி அவர்கள் மீது ஏறித்தான் போக வேண்டும்!

ஹார்ட்விக் சிரித்தான். உதடு மட்டும் சிரித்தது.

"சரி, கொலைதான். யார் பண்ணியிருப்பா? இந்தக் கூட்டத்துல ஒருத்திதான்! ஆஸ்பத்திரி வரக்கூடாதுன்னு கத்தறது யாரு? இவளுங்கதானே!"

"ஆஸ்பத்திரி வேண்டாம்னு எவ சொன்னா?" கலீமாவின் குரல் உயர்ந்தது. "தண்ணிக்கு மேல வேண்டாம்னுதான் சொல்றோம்! எங்க அம்மாவுக்கு ஒரு கட்டில் கிடைச்சிருந்தா நான் அநாதையாயிருக்க மாட்டேன்! அவரும் அதைத்தானே எழுதினாரு... கடலோர மணல்வெளின்னு. அந்த மணல்வெளி யாரோடதுன்னு சார்ஜென்டுக்குச் சொல்லுங்களேன்!"

மல்டூன் தலை திரும்பியது.

"உங்க நிலமா மிஸ்டர் ஹார்ட்விக்?"

"அ... ஆமா. கோடை பங்களாக்கள் கட்டப் போறேன். அதுக்கென்ன? பெக்ஸ்லி என்ன எழுதினான்னு இந்த எழுத்தறியாதவளுக்கு எப்படித் தெரியும்? எங்கே அந்த அறிக்கை? காட்டச் சொல்லுங்க பாப்போம்!"

கலீமா நிதானமாக எழுந்தாள். தன் கூடைக்குப் போனாள். துணிகளுக்கு அடியில் கைவிட்டு... நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தாள்.

"இதோ!"

காற்றில் அது படபடத்தது.

"நேத்து போகும்போது கொடுத்துட்டுப் போனாரு. 'கலீமா, அறிக்கை ரெண்டு எழுதியிருக்கேன். எனக்கு ஏதாவது ஆச்சுன்னா இதை போலீஸ்கிட்ட கொடு'ன்னாரு."

"ரெண்டா?" ஹார்ட்விக் குதிரையிலிருந்து குதித்தான். முகத்தில் ரத்தமே இல்லை. "பொய்! இருந்தது ஒண்ணே ஒண்ணுதான்! அதை ராத்திரி நானே என் கையால அடுப்புல..."

நிறுத்தினான்.

ஆனால் வார்த்தை வெளியே வந்துவிட்டது!



"அடுப்புல...?" என்றார் மல்டூன் மெதுவாக. "சொல்லுங்க மிஸ்டர் ஹார்ட்விக். செத்தவரோட அறிக்கை ராத்திரி உங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

ஹார்ட்விக் குதிரையைப் பார்த்தான். கான்ஸ்டபிள்கள் நால்வரும் ஹார்ட்விக்கைப் பார்த்தார்கள். ஒருவன் கடிவாளத்தைப் பிடித்தான். இன்னொருவன் விலங்கை எடுத்தான்.

"அந்தத் தாளைக் கொடும்மா. நீதிமன்றத்துக்கு வேணும்."

மல்டூன் வாங்கிப் பிரித்தார். படித்தார். புருவம் ஏறியது. மறுபடியும் படித்தார்.

"சட்டை ஆறு... கழுத்துப்பட்டை பத்து... தலையணை உறை நாலு..." நிமிர்ந்தார். "என்னம்மா இது!"

"பெக்ஸ்லி தொர வீட்டு அழுக்குத்துணிக் கணக்கு" என்றாள் கலீமா. "எனக்குத்தான் எழுத்து தெரியாதே... எது கைக்கு வந்துச்சோ அதை எடுத்தேன்!"

விலங்கு பூட்டிய கைகளோடு ஹார்ட்விக் அலறியது மலைமேல்வரை கேட்டது.

ஆனால் கொலைகாரன் உள்ளே போனதும் ஆஸ்பத்திரிக்குக் குறித்த இடம் மாறிவிடவில்லை. 'யோசிக்கிறோம்' என்றார்கள் பெரிய மனிதர்கள். யோசித்துக்கொண்டே இருந்தார்கள்.

கலீமா காத்திருக்கவில்லை. மறுநாளே முப்பது பேரும் கல்லில் ஏறி உட்கார்ந்தார்கள். ஊரில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டுத் துணியையும் தொடவில்லை. முதல் ஞாயிறு, தேவாலயத்தில் பழுப்புக் கழுத்துப்பட்டைகள். இரண்டாவது ஞாயிறு, ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்கார முடியவில்லை!

மூன்றாவது ஞாயிறு வருவதற்குள் கடலோர மணல்வெளியில் ஆஸ்பத்திரிக்கு முளை அடித்துவிட்டார்கள். அம்மை கண்டு பிழைத்தவர்களை வேலைக்குக் கேட்டபோது முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவள் கலீமா.

அங்கேதான் மல்டூன் அவளைத் தேடி வந்தார்.

"விசாரணை அடுத்த வாரம்மா. ஹார்ட்விக் ஜெயில்லேர்ந்து சொல்லி அனுப்பியிருக்காரு. கோர்ட்டுக்குப் போட்டுக்க நல்ல சட்டை இல்லையாம். கழுத்துப் பக்கம் பளிச்சுனு வெளுத்துத் தர முடியுமான்னு கேக்கறாரு."

கலீமா கையைத் துடைத்துக்கொண்டாள்.

"துணியோட என் வேலை முடிஞ்சுது சார்ஜென்ட்... கழுத்தை நீதிபதி பாத்துக்குவாரு!"