நனையாத கல்

மௌலா அலி ஸ்டேஷனை ஒட்டிய சந்தில் மினி லாரி வந்து நின்றபோது வெயில் நன்றாக ஏறிவிட்டிருந்தது. குளியலறைத் தரைக்கான தாண்டூர் கற்களை ஒவ்வொன்றாக இறக்கி வாசல் சுவரில் சாய்த்தார்கள். மெருகேற்றாத, சொரசொரப்பான, சாம்பல் நிறக் கற்கள். தாரிணி ஒன்றின்மேல் உள்ளங்கையை அழுத்தித் தேய்த்துப் பார்த்தாள்.

வழுக்கவில்லை. அவளுக்கு வேண்டியது அதுதான்.

வாங்கிக் குடிவந்த வாரமே இந்தப் பழைய வீட்டின் குளியலறை அவள் அம்மாவைக் கீழே தள்ளியிருந்தது. வழவழ டைல்ஸ், சோப்பு நுரை, ஒரு அலறல். அன்னம்மாளுக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன். அண்ணன் பாலா ஆஸ்பத்திரியிலேயே தீர்ப்பு எழுதிவிட்டான்.

"ஞாயித்துக்கிழமை டிஸ்சார்ஜ். அதுக்குள்ள பாத்ரூம் சரியாகலேன்னா அம்மாவை நேரா முதியோர் ஹோமுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். உன் பிடிவாதத்துக்கு அவ இன்னொரு எலும்பை ஒடைச்சுக்க வேண்டாம்."

அம்மா தாரிணியின் சுண்டுவிரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மேஸ்திரி கிரி பழைய டைல்ஸை உடைத்து அள்ளினான். தமிழ்க் குடும்பங்களிடம் வேலை செய்து செய்து அவன் வாயில் தமிழும் தெலுங்கும் தக்கனி உருதுவும் ஒரே பாத்திரத்தில் கலந்திருந்தன. சிமெண்ட் போடும் முன் கற்களைச் சும்மா தரையில் பரப்பி, நிறம் பார்த்து மாற்றி மாற்றி அடுக்கினான்.

"இது மெஷின்ல செஞ்ச மால் இல்ல மேடம். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு முகம். ஜோடி பாத்துத்தான் வெக்கணும், கல்யாணம் மாதிரி."

"பண்ணி வை. முகூர்த்தம் ஞாயித்துக்கிழமைக்குள்ள."

"ஹவ் மேடம். ஆயிடும்."

கல் பதித்து, சிமெண்ட் இறுகியபின், இடுக்குகளை அடைக்கும் முன் வாட்டம் பார்க்க வேண்டும். வாளித் தண்ணீரை ஊற்றினால் அது தானாக மூலையில் உள்ள வடிகால் சல்லடைக்கு ஓட வேண்டும். எங்காவது தேங்கினால் கல்லைப் பெயர்த்து மறுபடி வைக்க வேண்டும்.

மூன்றாம் நாள் நண்பகல். உயரத்தில் இருந்த சின்ன ஜன்னல் வழியே ஒரு கீற்று வெயில். ஈரச் சிமெண்டின் வாசனை. கிரி வாளியைச் சாய்த்தான்.

தண்ணீர் பரவியது. மெருகில்லாத கல் தண்ணீரைக் குடிக்கும். குடித்ததும் கருக்கும். சாம்பல் தரை அவர்கள் கண்முன் மெல்ல மெல்லக் கருத்துக்கொண்டே வந்தது.

நடுவில் மட்டும் கருக்கவில்லை.

தண்ணீர் அங்கே வந்து, பிரிந்து, சுற்றிக்கொண்டு போனது. எதையோ தொட அஞ்சுவதுபோல. வெளுப்பாக, உலர்ந்தபடி, இரண்டு திட்டுகள் மிச்சமிருந்தன.

குதிகால். உள்வளைவு. ஐந்து விரல்கள்.

ஒரு ஜோடிப் பாதங்கள்.

"கல்லுல ஆயில் பட்டிருக்கும்," என்றாள் தாரிணி. குரல் அவளுடையதுபோல இல்லை. "இன்னொரு வாளி ஊத்து."

ஊற்றினான். பழைய திட்டுகள் நனைந்து மறைந்தன.

கதவுக்கு ஓரடி நெருக்கத்தில் புதிதாக இரண்டு.

கிரி வாளியைப் போட்டுவிட்டு வெளியே பாய்ந்தான். வாசலில் நின்று மூச்சு வாங்கியபடி சொன்னான்.

"சாய்க் கடைல சொன்னாங்க மேடம், நான்தான் நம்பல. முந்தி இங்க ஒரு ஆடமனிஷி, ஒரு பொம்பள, கிராயாக்கு, வாடகைக்கு இருந்துச்சாம். தனியா. இதே பாத்ரூம்ல ஜாரி, வழுக்கி விழுந்துச்சு. உள்ள தாழ்ப்பா போட்டிருந்துச்சு. எவ்ளோ கத்துச்சோ, யாரும் வரல. நக்கோ மேடம், வேணாம், நான் உள்ள போக மாட்டேன்."

"கிரி, இடுக்கு மட்டும்தான் பாக்கி."

"எதுக்கு மேடம் ரிஸ்க்? எனக்குச் சின்னப் பசங்க இருக்காங்க."

கரணையைக்கூட எடுக்காமல் அவன் ஸ்கூட்டரைக் கிளப்பினான். அந்தச் சத்தம் சந்து முனையில் தேய்வதற்குள் பாலாவின் போன்.

"என்ன, முடிஞ்சுதா? ஹோம்ல ரூம் சொல்லி வெச்சிருக்கேன்."

"அந்த ரூம்ல நீ போய் இரு," என்று சொல்லி போனை வைத்தாள் தாரிணி.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். முதலில் குளியலறைக் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிச் சந்தில் வீசினாள். பிறகு பசையைக் குழைத்துக்கொண்டு உள்ளே போய், முழங்காலிட்டு, இடுக்கு இடுக்காக அடைக்க ஆரம்பித்தாள். அடைத்து, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, நகர்ந்து, அடைத்து.

வாசனை வந்தது. பூந்திக்கொட்டை நுரை. இந்த வீட்டில் யாரும் அதில் தலை குளிப்பதில்லை.

பிடரியில் ஏதோ சில்லென்று பட்டது. மூச்சு.

அவள் திரும்பவில்லை. துடைத்த ஈரத்தில் கல் கருத்துக்கொண்டே வந்து, அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் நின்றது.

உலர்ந்த விரல்கள். இவ்வளவு கிட்டத்தில்.

எழுந்து ஓடு என்று உடம்பு முழுக்கக் கத்தியது. ஓடினால் ஞாயிற்றுக்கிழமை அம்மா எங்கே போவாள்?

"இங்க பாரு," என்றாள் தாரிணி, பல்லைக் கடித்துக்கொண்டு. "நீ கத்தினப்போ யாரும் வரல. கொடுமைதான். அதுக்கு எங்கம்மா என்ன பண்ணுவா? தாழ்ப்பாளைப் பிடுங்கி எறிஞ்சுட்டேன். வழுக்காத கல் போட்டிருக்கேன். இதுக்கு மேல நான் நகர மாட்டேன். நீ இருக்கணும்னா இரு. ஆனா அவ இன்னொரு தடவை விழுந்தா, இந்தக் கல்லை ஒவ்வொண்ணா பேத்தெடுத்து ஊருக்கு வெளியே கொட்டிடுவேன். உன்னையும் சேர்த்து!"

எங்கோ ஒரு ரயில் கூவியது.

கடைசி இடுக்கையும் அடைத்துவிட்டுத்தான் அவள் எழுந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பாலாதான் அம்மாவைக் கொண்டுவந்து விட்டான். புதுத் தரையைச் செருப்புக் காலால் தேய்த்துப் பார்த்தான். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காத எரிச்சலோடு, "பார்த்துக்கோ" என்று கிளம்பினான்.

"ஆஸ்பத்திரி நாத்தம் போகக் குளிக்கணும்டீ," என்றாள் அன்னம்மாள். வாக்கரை உருட்டிக்கொண்டே போனாள். "நீ வெளியே நில்லு. எனக்கு ஒண்ணும் ஆகாது."

தாரிணி கதவருகே நின்றாள். தண்ணீர் விழும் சத்தம். சொம்பு. மறுபடி தண்ணீர்.

உள்ளே போட்டிருந்த குளியல் நாற்காலி கிறீச்சிட்டது.

"ஐயோ!"

தாரிணி கதவைத் தள்ளினாள். தாழ்ப்பாள் இல்லாத கதவு. ஒரு சாண்தான் திறந்தது. பின்னால் யாரோ சாய்ந்து நிற்பதுபோல, அதற்குமேல் அசையவில்லை.

"அம்மா!"

"கத்தாதே. எழுந்திருக்கறச்சே தலை சுத்திடுத்து, அவ்வளவுதான். இவ கப்புனு பிடிச்சுட்டா."

"யாரும்மா?"

"நீ வேலைக்கு வெச்ச பொண்ணுதான். தமிழ் தெரியாது போல, பேச மாட்டேங்கறா. ஆனா பிடி இரும்புடீ. பாவம், சொட்டச் சொட்ட நனைஞ்சு நிக்கறா. ஒரு துண்டு குடேன்."

கொடியில் கிடந்த பழைய துண்டை எடுக்கப் போன தாரிணி, நின்றாள். அலமாரியைத் திறந்து, மடிப்புக் கலையாத புதுத் துண்டை எடுத்து வந்தாள்.

"இந்தா," என்று அதட்டலாகச் சொல்லிக் கதவிடுக்கில் கையை நீட்டினாள்.

இடுக்கின் வழியே அம்மா தெரிந்தாள். தூரத்து மூலையில், நாற்காலியில், சுவர்க் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்தபடி.

கதவின் பின்னாலிருந்து, ஈரமான, ஜில்லென்ற விரல்கள் துண்டை வாங்கிக்கொண்டன.