மாடத்துக்குள் ஓர் எழுத்து

ஜெனிதா தூணைக் கட்டிப் பிடித்தாள். கைகள் ஒன்றையொன்று தொடவில்லை. மனோஜ்குமார் மறுபக்கம் வந்து கட்டிக்கொண்டான். இப்போது இருவர் விரல்களும் தொட்டன.

"பர்மா தேக்கு. அப்படியே தூங்கிப்போடாதீங்க" என்றார் பாக்கியராஜ் சார்.

பீளமேட்டுப் பள்ளியின் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள், துடியலூர் தாண்டி இருந்த அந்தப் பழைய பெரிய வீட்டைப் பார்க்க வந்திருந்தார்கள். வண்ணக் கண்ணாடி ஜன்னல் வழியாக வந்த வெயில், சிவப்புத் தரையில் பச்சையும் மஞ்சளுமாக விழுந்திருந்தது. அதில் போய் நின்ற மனோஜ்குமாருக்கு மூக்கு மட்டும் பச்சையாகிவிட்டது.

ஜெனிதாவுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது மாடிப்படிக் கைப்பிடியின் முனையில் இருந்த மரக்கிளிதான். எத்தனையோ பிள்ளைகள் பிடித்துப் பிடித்து அதன் அலகு வழவழவென்று ஆகியிருந்தது.

வீட்டுக்கார அம்மா வரலட்சுமி ஒரு டப்பாவை நீட்டினார். உள்ளே சீட்டுகள்.

"வர்ற ஞாயித்துக்கிழமையிலிருந்து எல்லாரும் வந்து பாக்கற மாதிரி இந்த ஊட்டைத் திறக்கறோம். சீட்டுல என்ன வருதோ, அதைப் பத்தி ஒரு அட்டையில நாலு வரி எழுதுங்க கண்ணுகளா. உங்க பேரோட அந்த அட்டையை அங்கயே மாட்டி வெப்போம்."

இவ்வளவு அழகான வீட்டில் தன் பெயர். ஜெனிதா கிளியை நினைத்துக்கொண்டே சீட்டை எடுத்தாள்.

'பின் வராந்தா மாடம்.'

கிளி மனோஜ்குமாருக்குப் போயிருந்தது.

"மாத்திக்கலாமாடா?"

"எடுத்தது எடுத்ததுதான்" என்றான் அவன்.

ஆனால் அந்தச் சீட்டைப் பார்த்ததும் ஜெனிதாவுக்குக் காலையில் அப்பா சொன்னது நினைவுக்கு வந்துவிட்டது. அவள் அப்பா ஜெரோம் வேன் ஓட்டுகிறவர். பள்ளி அனுமதித் தாளில் கையெழுத்துப் போடும்போது அவர் பேனா நின்றது.

"அந்த ஊட்டுக்கா போறீங்க? பின்னாடி வராந்தாச் சுவத்துல ஒரு மாடம் இருக்கும் அம்மணி. எங்கப்பன் அங்க கடலைக்காய் புடுங்கப் போவாரு. நானும் கூடப் போவேன். தாகமெடுத்தா, அந்த மாடத்துல இருக்கற அலுமினிய டம்ளரை எடுத்து நீட்டோணும். மேல இருந்து தண்ணி ஊத்துவாங்க. குடிச்சுப்போட்டு, கழுவி, அங்கயே கவுத்தோணும்."

"ஏம்ப்பா, ஊட்டுக்குள்ள வேற டம்ளர் இல்லீங்களா?"

"நெறைய இருந்துது. வெள்ளியில கூட இருந்துது." பிறகு லேசாகச் சிரித்தார். "ஒரு நாள் தண்ணிக்கு நிக்கறப்ப, மாடத்துக்கு உள்ளார மேல் பக்கத்துல ஆணியால என்ற பேரோட மொத எழுத்தைக் கீறிப்போட்டேன். இருக்குதான்னு பாரு."

சிரித்தவர் தட்டில் இருந்த இட்லியை முடிக்காமலே எழுந்துவிட்டார்.

பின் வராந்தாவில் மாடம் அழகாகவே இருந்தது. சுற்றிலும் சுண்ணாம்பில் செய்த பூங்கொடி. உள்ளே ஒரு நீலப் பூச்சாடி.

"இது விளக்கு மாடம் கண்ணு. அந்தி சாய்ஞ்சா அகல் வெப்பாங்க. எழுதிக்க" என்றார் வரலட்சுமி அம்மா.

அவர் நகர்ந்ததும் ஜெனிதா பூச்சாடியைத் தள்ளி வைத்தாள். உள்ளே ஒரு பொட்டுப் புகைக்கறை கூட இல்லை. அடியில் மட்டும் டம்ளர் வாய் அளவுக்கு ஒரு வட்டத் தடம். கையை உள்ளே விட்டு மேல் பக்கம் தடவினாள். சொரசொரப்பு. ஒரு சுழி, பக்கத்தில் ஒரு வளைவு. விரல் மெதுவாகப் படித்தது.

ஜெ.

அவள் பெயரின் முதல் எழுத்தும் அதுதான்.

ஜெனிதா அட்டையில் எழுதினாள்:

'இது டம்ளர் மாடம். தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்காக ஒரு டம்ளர் இங்கே இருந்தது. வீட்டுக்குள் இருந்த டம்ளரை அவர்கள் தொடக் கூடாது என்று இருந்தது. கையை விட்டு மேலே தடவிப் பாருங்கள்.'

பாக்கியராஜ் சார் படித்துவிட்டு இருமினார். "மேடம் சொன்னதை எழுதினாப் போதும்மா."

"கையெழுத்து அழகா இருக்குதுங்க சார்" என்றான் மனோஜ்குமார்.

வரலட்சுமி அம்மா இரண்டு முறை படித்தார்.

"உங்கிட்ட யாரு சொன்னது?"

"எங்கப்பாங்க. அவர் எழுத்து உள்ள இருக்குதுங்க."

அவர் மாடத்துக்குள் கையை விடவில்லை.

"தெரியும் கண்ணு" என்றார் தணிந்த குரலில். "கல்யாணமாகி வந்தப்ப இங்க டம்ளர் இருந்ததை நானே பாத்திருக்கறேன். ஆனா வர்றவங்க சந்தோசமா பாத்துட்டுப் போகோணுமில்ல? வேற எழுதிக் குடு."

"நான் எழுதுனது தப்புன்னா சொல்லுங்க. மாத்திடறேனுங்க."

தப்பு என்று அவர் சொல்லவில்லை. அட்டையை இரண்டாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜெனிதா எல்லாவற்றையும் சொன்னாள். வகுப்பில் யாரிடமும் அதுவரை சொல்லாத விஷயம். பாட்டுப் பாடிக்கொண்டு வந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவை அழைத்துக்கொண்டு போனாள். வாசலில் பெரிய கூட்டம். அப்பா கேட்டைத் தாண்டியதும், யாரும் சொல்லாமலே பின் வராந்தாவுக்குப் போகும் பக்கவாட்டுச் சந்துப் பக்கம் திரும்பினார்.

"இப்படிங்கப்பா" என்று அவர் கையைப் பிடித்து முன்வாசலுக்கு இழுத்தாள் ஜெனிதா.

உள்ளே எல்லா அட்டைகளும் தொங்கின. கிளியின் பக்கத்தில் மனோஜ்குமாரின் பெயர். மாடத்தின் பக்கத்தில் மட்டும் புதிதாக அச்சடித்த அட்டை: 'விளக்கு மாடம்'. யார் பெயரும் இல்லை.

ஜெனிதா அந்த அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பூச்சாடியைத் தூக்கிக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, இதுக்குள்ள கையை உட்டுப் பாருங்க. மேல் பக்கம்" என்று பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணிடம் சொன்னாள்.

மனோஜ்குமார் ஓடி வந்தான். "வரிசையில வாங்க. அவசரப்படாதீங்க. எழுத்து எங்கயும் போயிடாது."

கூடத்தில் நின்ற வரலட்சுமி அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். தடுக்க வரவில்லை. பக்கத்திலும் வரவில்லை.

"அட, ஏதோ கீறியிருக்குது. 'ஜெ'ன்னு தெரியுது" என்றார் அந்தப் பெண். "யாரு எழுத்துங்க இது?"

ஜெனிதா அப்பாவைப் பார்த்தாள். ஜெரோம் மாடத்தை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தார்.

"என்ற எழுத்துதானுங்க" என்றார்.