கண் கூசும் வெளிச்சம்

அவள் தட்டுவதற்கு முன்பே கீழேயிருந்து பதில் வந்துவிட்டது.

படகின் பாய்மர உச்சியில், கயிற்றில் கட்டிய கான்வாஸ் இருக்கையில் தொங்கிக்கொண்டிருந்தவள் ஸ்பேனரை ஓங்கிய கையை அப்படியே நிறுத்தினாள். வழக்கம் இதுதான்: மேலே இருப்பவர் அலுமினியப் பாய்மரத்தில் ஒரு தட்டுத் தட்டினால் ஏற்று, இரண்டு தட்டினால் நிறுத்து, மூன்று தட்டினால் இறக்கு. கீழே கயிற்றைப் பிடித்திருப்பவர் அதையே திருப்பித் தட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். காற்றில் கத்தினால் பாதி வார்த்தை கடலுக்குப் போய்விடும் என்பதால் அவளும் கணவரும் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. இப்போது இறக்கச் சொல்லி மூன்று தட்டத்தான் கையை ஓங்கினாள். அதற்குள் கீழேயிருந்து மூன்று தட்டு.

அண்ணிக்கு அவசரம், வேறென்ன என்று நினைத்துக்கொண்டாள்.

அண்ணி என்றால் கணவரின் அக்கா. உதவிக்கு வேறு ஆள் கிடைக்காததால் வந்தவள். காலையிலிருந்தே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். புது விளக்குகளைப் பெட்டியிலிருந்து பிரிக்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

“அவன் இருக்கும்போது போடாத லைட்டு, இப்ப யாருக்கு?”

“எனக்கு” என்று இவள் சொன்னாள். அதோடு பேச்சு முடிந்தது.

போடவிடாதது யார்? ஊரார் படகுக்கெல்லாம் ஒயர் இழுத்து விளக்குப் போட்டுக் கொடுப்பது இவள் தொழில். சொந்தப் படகு மட்டும் இருட்டில் கிடந்தது. உச்சி விளக்கு பழைய குண்டு பல்ப், பேட்டரியைக் குடித்துத் தீர்க்கும். பாய்மரத்தின் நடுவிலிருந்து தளத்துக்கு வெளிச்சம் தர வேண்டிய விளக்கு எப்போதோ செத்துப்போயிற்று. எல்.ஈ.டி. போட்டுத்தருகிறேன், ஒரு நாள் படகை என்னிடம் விடுங்கள் என்று கெஞ்சியும் பார்த்தாள், சண்டையும் போட்டாள். அவருக்கு நாளைக்கு, நாளைக்கு. கேட்டால், இருட்டு எனக்குப் பழக்கம், உன் லைட்டுதான் கண் கூசுகிறது என்பார். ஒருமுறை பட்டறையில் புது விளக்கொன்றை அவர் பக்கம் திருப்பி எரியவிட்டாள். கண்ணை மறைக்கக் கையைத் தூக்கினார் பாருங்கள், அந்தக் கையில் டீ கிளாஸ் இருந்தது என்பதையே மறந்துபோனார். கிளாஸ் போய் டீயெல்லாம் சட்டையில். அன்று இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

போன மழைக்காலத்தில் தனியாகப் படகை எடுத்துக்கொண்டு போனார். இருட்டில் தளத்தில் கிடந்த கயிறு காலில் சுற்றியதா, கால் வைத்த இடம் வழுக்கியதா, யாருக்குத் தெரியும்? படகு கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் விதி என்றார்கள். விதியாம். ஒரு விளக்கு எரிந்திருந்தால் அந்த விதி வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருக்கும்.

கயிறு அசைந்தது. அவள் இறங்கத் தொடங்கினாள்.

மரத்தின் நடுவில் குறுக்குச் சட்டம் இருக்கும் இடம்வரை இறங்க வேண்டும். உச்சியில் துருப்பிடித்த ஒரே ஒரு திருகாணி பிற்பகல் முழுவதையும் தின்றுவிட்டதால் பொழுது சாய்ந்து, தளம் அடியில் ஒரு கறுப்புக் குழியாகத் தெரிந்தது. படகுத்துறையின் இந்தக் கோடியில் விளக்கு கிடையாது. தலையில் கட்டியிருந்த சின்ன டார்ச் கை எட்டும் தூரத்துக்கு மேல் காட்டாது. இந்த வேலைக்கு இரண்டு கயிறு போடுவதுதான் முறை, ஒன்று தூக்க, ஒன்று காப்பாற்ற. இரண்டாவது கயிறு நைந்துபோயிருந்தது. மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று அவளும் நாளைக்கு, நாளைக்கு என்றே தள்ளியிருந்தாள். அவரிடமிருந்து கற்றுக்கொண்டது இது ஒன்றுதான் போலிருக்கிறது. ஆக, ஒற்றைக் கயிற்றில் அவள் உயிர், அதன் மறுமுனை கீழே ஒரு கையில்.

ஏறும்போது அண்ணி வெடுக்கு வெடுக்கென்று இழுத்ததில் முழங்கால் இரண்டும் மரத்தில் இடித்துக் கன்றியிருந்தன. இப்போது அப்படியில்லை. கீழே தளத்திலிருந்த இழுவை உருளையில் சுற்றிய கயிறு ஒரே சீராக நெகிழ்ந்து, அவள் தோள் மரத்தைத் தாங்கும் கம்பியில் மாட்டாதபடி சரியான இடத்தில் ஒரு கணம் நின்று, மறுபடி நெகிழ்ந்தது. பரவாயில்லையே, அதற்குள் கை பழகிவிட்டதே என்று தோன்றியது.

கன்னத்தில் ஒரு சொட்டு விழுந்தது.

மழை இல்லை. வானம் காலையிலிருந்தே மேகமில்லாமல் வெளிறிக் கிடந்தது. இன்னொரு சொட்டு உதட்டில் விழுந்து உப்புக் கரித்தது. டார்ச்சை மேலே திருப்பினாள். அவள் இறங்க இறங்க, கீழே அந்தக் கையில் இருந்த கயிறு குழாய்போன்ற மரத்தின் உள்ளே ஏறி, உச்சிக் கப்பியில் திரும்பி, அவள் தலைக்கு மேல் வந்துகொண்டிருந்தது. காலையில் அவளே உலர்த்திச் சுருட்டிய கயிறு. இப்போது ஊறிப்போய், கறுத்து, சொட்டச் சொட்ட வந்தது. நாட்கணக்கில் தண்ணீரில் மூழ்கிக் கிடந்த துணியின் நாற்றம் அதில் அடித்தது.

அண்ணி தளத்தைக் கழுவியிருப்பாள். வாளியைத் தட்டிவிட்டிருப்பாள். ஏதோ ஒன்று.

குறுக்குச் சட்டம் வந்ததும் இரண்டு தட்டினாள். கயிறு உடனே நின்றது. கீழேயிருந்து இரண்டு தட்டு வந்தது. அண்ணி உருளையின் இரும்புப் பிடியால் தட்டுவாள், சத்தம் கனமாக ஏறும். இது விரல் முட்டியால் தட்டிய சத்தம்.

கீழே பார்க்காதே, வேலையைப் பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். செத்த விளக்கைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். புது விளக்கை, முகம் தளத்தைப் பார்க்கும்படி வைத்து முடுக்கினாள். ஒரு திருகாணி நழுவியது. அது தளத்தில் விழும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். சத்தம் வரவில்லை. யாரோ கையில் பிடித்துக்கொண்டதுபோல.

பிறகு மரத்தில் தட்டும் சத்தம் வந்தது. மெதுவாக, இடைவெளி விட்டு.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

நான்கு தட்டு ஏற்பாட்டில் கிடையாது. அது அவர்கள் இருவருக்குள் இருந்த விளையாட்டு. நேரம் இழுக்கும்போதெல்லாம் அவர் கீழேயிருந்து நான்கு தட்டுவார். டீ வேணுமா என்று அர்த்தம். அண்ணிக்கு அதை அவள் சொல்லித்தரவில்லை. யாருக்குமே சொன்னதில்லை.

சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து அண்ணியைக் கூப்பிட்டாள். படகிலிருந்து மணிச்சத்தம் கேட்கவில்லை.

“அண்ணி, கீழதான இருக்கீங்க?”

“இல்லம்மா, வாசல் கேட் பக்கத்துல நிக்கிறேன்.” அழுது மூக்கடைத்த குரல். “அந்தப் படகுல நிக்க முடியல என்னால. கயித்தைத் தளத்துல இருக்கிற இரும்புக் கொம்புல நல்லா இறுக்கிக் கட்டிட்டுத்தான் வந்தேன், பயப்படாத.”

“எப்ப போனீங்க?”

“நீ உச்சிக்குப் போனதுமே.”

அவள் இன்னொரு கையால் இருக்கையின் பட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஓடி வாங்க அண்ணி. கயித்தை யாரோ அவுத்துட்டாங்க.”

படகுத்துறைப் பலகையில் தடதடவென்று ஓடிவரும் சத்தம் வெகுதூரத்தில் கேட்டது. கேட்டிலிருந்து இங்கே வர நேரமாகும். அதுவரை மரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, மூச்சுக் காட்டாமல் இருப்பதுதான் புத்தி. அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. கட்டிக்கொண்டாள். அலுமினியம் கன்னத்தில் சில்லென்று பட்டது.

மரத்தின் உள்ளே, கன்னத்துக்கு நேராக, மறுபடியும் நான்கு தட்டு.

பயம்தான். உள்ளங்கால்வரை பயம். ஆனால் அதற்கும் அடியிலிருந்து வேறொன்று கொதித்துக்கொண்டு மேலே வந்தது. டீயா? இத்தனை மாதம் கழித்து வந்து டீ வேணுமா என்றா கேட்கிறீர்கள்? பாத்திரம் கழுவும்போது அழுதேன், ஒயர் உரிக்கும்போது அழுதேன், உங்கள் அக்கா என்னைக் கொலைகாரியைப் பார்ப்பதுபோல் பார்க்கும்போதும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஒரு விளக்கு. ஒரே ஒரு விளக்குத்தானே போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

“பாருங்க” என்றாள் இருட்டைப் பார்த்து. “எவ்வளவு வெளிச்சம்னு இப்பவாவது பாருங்க.”

மரத்தை விட்டாள். இருக்கையில் தொங்கினாள். பையிலிருந்த சோதனை பேட்டரியை இடது கையில் எடுத்தாள். வலது கையால் விளக்கின் இரண்டு ஒயர்களையும் அதன் முனைகளில் அழுத்தினாள்.

தளம் பகலானது.

ஒவ்வொரு பலகையும் தெரிந்தது. ஒவ்வொரு ஆணியும். உருளையைச் சுற்றித் தண்ணீர் தேங்கியிருந்தது. நடுவில் அவர் நின்றார். மழைக்காலத்தில் போட்டுப்போன அதே சட்டை. இடது கை மூடியிருந்தது, விரலிடுக்கில் ஒரு திருகாணி மின்னியது. வலது கையில் கயிறு.

அண்ணி ஓடிவந்த சத்தம் சட்டென்று நின்றது. படகுத்துறையில் அண்ணி வீறிட்டாள்.

அவர் முகத்தைத் தூக்கினார்.

கண்கள் இல்லை. இருந்த இடத்தில் இரண்டு பள்ளம். அதிலிருந்து தண்ணீர்.

ஒயரை எடு. அணை. விரல் கேட்கவில்லை.

அந்த முகம் சுளித்தது. கூசுவதற்குக் கண்ணே இல்லை. இருந்தும் அதே சுளிப்பு.

வலது கையின் விரல்கள் கயிற்றிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிந்தன. அந்தக் கை, வெளிச்சத்தை மறைக்க, மெல்ல முகத்துக்கு நேராக உயர்ந்தது.