வலம்புரிக்குப் பக்கத்து வளை

முதல் நாள் சூசை கண்டுவிட்டு வந்த வலம்புரிச் சங்கை எடுக்க, பாம்பன் கரையிலிருந்து மூன்று பேர் வள்ளத்தில் கிளம்பினார்கள். முங்குவது சூசையும் தங்கை டெல்பினும். கயிறு பிடிப்பது மீரான். சூசையின் இடுப்புக் கயிறு ஒரு தடவை சுண்டினால் தூக்க வேண்டும், ஏன் எதற்கென்று கேட்கக் கூடாது. அது அவர்கள் சட்டம்.

"பாத்து மாப்ளே, தண்ணி கலங்கலா இருக்கு," என்றான் மீரான்.

"கலங்குனா சங்கு ஓடிருமாக்கும்?" என்று சிரித்துவிட்டுக் குதித்தான் சூசை. டெல்பினும் பின்னாலேயே குதித்தாள்.

நாலு ஆள் ஆழம். பாறையடி மணலில் சங்கு பாதி புதைந்து கிடந்தது. பக்கத்தில் வரி வரியாக ஐந்து கொம்புகள் மணலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தன. ஏதோ இறால் மீசை என்று நினைத்துவிட்டாள் டெல்பின். அதற்காகப் பின்னால் தன்னையே எத்தனை தடவை திட்டிக்கொண்டாளோ! சூசையின் விரல் ஒரு கொம்பில் பட்டதுதான் தாமதம், மணல் வெடித்தது. வானவில்லாய் மின்னும் ஒரு புழு பாய்ந்து, கத்தரிக்கோல் தாடையால் அவன் நடுவிரலைக் கவ்வியது. பெயர்தான் புழு. நீளம் ஆளை விஞ்சும், உடம்பில் முக்கால்வாசி வளைக்குள்ளே.

சூசை கயிற்றைச் சுண்டினான். மேலே மீரான் சட்டப்படி இழுத்தான். இழுக்க இழுக்க, புழு தன் முள்மயிர்களை வளைச்சுவரில் ஊன்றி உள்ளே இழுத்தது. உடும்புப் பிடி! டெல்பின் அதை அடித்தாள், இடுப்புக் கத்தியால் குத்தினாள், ஒன்றும் ஆகவில்லை. அண்ணன் வாயிலிருந்து குமிழிகள் போய்க்கொண்டிருந்தன. மேலே இழுப்பதை நிறுத்தினால் பிடி தளரும் என்று அவளுக்குத் தோன்றியது. 'விடு' என்று சொல்லத்தான் அவர்களிடம் கயிற்றுப் பாஷை இல்லையே!

அதே கத்தியால் கயிற்றை அறுத்தாள். உடனே வளை சூசையின் கையை மணிக்கட்டு வரை உள்வாங்கியது. அய்யோ, கெடுத்துவிட்டோமே என்று பதறினாள். ஆண்டவரே, ஆண்டவரே என்பதைத் தவிர அவளால் ஆனது ஒன்றுமில்லை. விழுங்க முடியாத இரை என்று புழுவுக்கே தோன்றியதோ என்னவோ, விட்டது. அண்ணனை அணைத்துக்கொண்டு மேலே உந்தினாள்.

வள்ளத்தில் சூசை இருமி இருமி மூச்சு வாங்கினான். நடுவிரலில் நுனி இல்லை. மீரான் அறுந்த கயிற்றோடு அழுதான். "நீ சுண்டுன, நான் இழுத்தேன் மாப்ளே."

"ஒங்க தப்பில்லண்ணே," என்றாள் டெல்பின். "இனிமே ரெண்டு தடவ சுண்டுனா கயித்த விட்ரணும்."

கரை தெரிந்ததும் சூசை மெல்லக் கேட்டான். "சங்கு?"

"போயி கேட்டுப் பாரு, தருதான்னு." அண்ணன் கையைத் துணியோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தவள், கரை சேரும் வரை விடவில்லை.