அடியில் கிடந்த கடுகு

ஞாயிறு, காலை 9.40.

உமா மகேஸ்வரியின் அடுக்களைத் தரையில் ஒரு மாதத்துப் பலசரக்கு கொட்டிக் கிடந்தது. அம்மாவின் ஏழுகல் வைரத்தோடு மட்டும் அதில் இல்லை.

சப்-இன்ஸ்பெக்டர் ஆவுடைத்தாய் வாசலில் ஷூவைக் கழற்றினாள். ஆறு நாளாகக் குற்றாலத்தில் சீசன் கூட்டத்தை ஒதுக்கி ஒதுக்கி, சாரலில் நனைந்து, கால்விரல்கள் வெளுத்து ஊறியிருந்தன. இன்றைக்கு அவளுக்கு ஓய்வு நாள். காகிதத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

கான்ஸ்டபிள் மணிமுத்து போனை நீட்டினான். மறுமுனையில் இன்ஸ்பெக்டர்.

"வேலைக்காரிகிட்ட ஒரு சாவி இருக்காமே? பெறகு என்னம்மா ஆராய்ச்சி? பன்னெண்டு மணிக்குள்ள அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டியாந்துருங்க. மெயினருவில ஆள் பத்தல."

"சரிங்க சார்." இருபத்தாறு வருட சர்வீசில் அவள் அதிகம் சொன்ன சொல் அதுதான். சொல்லிச் சொல்லி நாக்கே சலித்துவிட்டது.

அந்த வேலைக்காரி பிச்சம்மாள் புறவாசல் படியில் உட்கார்ந்திருந்தார். பதினொரு வருடமாக இந்த வீட்டில் பாத்திரம் தேய்ப்பவர். பன்னிரண்டு மணிக்கு அவர் ஜீப்பில் ஏறினால், நாளை முதல் இந்தத் தெருவில் எந்த வீடும் அவருக்குக் கதவு திறக்காது. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

9.55.

"காலையில எப்பக் கிளம்பினிய?"

"அஞ்சரைக்கு. குத்தாலத்துக்கு. இவங்களைப் பார்க்க," என்றார் உமா. பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார் ஜோதிலட்சுமி. வாசுதேவநல்லூரில் பள்ளிக்கூட டீச்சர்.

"சொந்தமா?"

"வாசகி." அதைச் சொல்லும்போது மட்டும் உமாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் உமா. கணவர் இல்லை, பிள்ளை இல்லை. பதிமூன்று வருடமாக 'புறவாசல்' என்று ஒரு வலைப்பூ எழுதி வந்தார். காபிப்பொடி விலை, தெரு நாய் குட்டி போட்டது, கணவரின் கடைசி ராத்திரி, எல்லாம் அதில் உண்டு. ஒரு காலத்தில் நாளுக்கு முந்நூறு பேர் வந்து வாசித்தார்கள். இப்போது முப்பது பேர்; அதில் பாதி வழிதவறி வந்தவர்கள். போதும், நிறுத்திவிடலாம் என்று அலுத்துப்போகும் நாளில் சொல்லி வைத்தாற்போல் ஜோதிலட்சுமியின் பின்னூட்டம் வந்துவிடும். ஒன்பது வருடமாக இப்படி. ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருந்துகொண்டு இன்றைக்குத்தான் நேரில் பார்த்திருக்கிறார்கள். ஐந்தருவிப் பக்கம் ஒரே குடையில் நின்று மிளகாய் பஜ்ஜி தின்றார்களாம். ஆவுடைத்தாய்க்குப் பொறாமையாகவே இருந்தது. அவளுக்கு வருகிற எழுத்தெல்லாம் பந்தோபஸ்து உத்தரவுதான்.

"நீங்க வீட்டுல இருக்க மாட்டியன்னு யாருக்குத் தெரியும்?"

"ஊருக்கே தெரியும். வெள்ளிக்கிழமை பதிவுல எழுதிட்டேன்."

"தோடு எங்க இருந்துச்சு?"

"வெந்தய டப்பாவுல. அது எனக்கு மட்டுந்தான் தெரியும்."

10.10.

"யக்கா, தோடு எங்க இருந்துச்சுன்னு தெரியுமா?"

"தெரியும்," என்றார் பிச்சம்மாள். "வெந்தய டப்பாவுல."

மணிமுத்துவின் பேனா வேகமெடுத்தது. ஆவுடைத்தாய் அவன் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"எப்படித் தெரியும்?"

"டப்பாவக் கழுவுதது யாரு? மாசா மாசம் எடுத்து, கழுவித் துடைச்சு, தோட்டைத் திரும்ப உள்ள வெச்சு வெந்தயத்தக் கொட்டுதேன். அம்மா அத ரகசியம்னு நெனச்சிருக்காங்க. இருந்துட்டுப் போகட்டும்னு நானும் கேட்டதில்ல."

ஆவுடைத்தாய் எழுந்து புறவாசல் கதவைப் பார்த்தாள். பூட்டு கிடையாது. உள்பக்கம் ஒரு நாதாங்கி மட்டும். மணிமுத்துவிடம் உள்ளே அதைப் போடச் சொல்லிவிட்டு, வெளியே நின்று கதவைச் சற்றுத் தூக்கி உந்தினாள். நாதாங்கி தானாக விழுந்து கதவு திறந்துகொண்டது. சாவியே வேண்டாம், இந்தக் கதவின் குணம் தெரிந்திருந்தால் போதும்.

10.20.

இதே வீட்டில் வளர்ந்த உமாவின் தம்பி கௌரிசங்கர் வந்தார். அடுத்த தெருவில் உரக்கடை வைத்திருக்கிறார். ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். பையில் அழைப்பிதழ்க் கட்டு இருந்தது.

"அக்கா வலைப்பூவை வாசிப்பியளா அண்ணாச்சி?"

"எனக்கு எங்க மேடம் நேரம்? ஒரு வரி வாசிச்சதில்ல. ஊரு பேரு தெரியாதவங்களுக்கெல்லாம் வீட்டுக் கதைய எழுதிட்டு இருக்கா."

உமா தலையைக் குனிந்துகொண்டார். பலமுறை கேட்ட பேச்சுப் போலிருந்தது.

"தோடு போனதுல உங்களுக்கு வருத்தம் இல்லையா?"

"இருந்தா மட்டும் வீட்டுப் பிள்ளைக்கா வந்திருக்கப் போகுது? விடுங்க மேடம்."

10.45.

ஆவுடைத்தாய் முழங்கால் நெறுநெறுக்க அடுக்களைத் தரையில் உட்கார்ந்தாள். ஒரு கரண்டிக் காம்பால் குவியலை மெல்ல வகிர்ந்தாள். மேலே வெந்தயம். அதன் கீழ் உளுந்து. அதன் கீழ் துவரம்பருப்பு. தரையை ஒட்டி, எல்லாவற்றுக்கும் அடியில், கடுகு.

"மணி, களவாங்க வந்தவன் முதல்ல எந்த டப்பாவைத் தொடுவான்?"

"கைக்கு எட்டுததை மேடம்."

"கடுகு டப்பா எங்க இருந்திருக்கு பாரு. மேல் தட்டு, கடைசி மூலை. ஸ்டூல் போட்டு ஏறி அதைத்தான் முதல்ல எடுத்திருக்கான். அதுல இல்லைன்னதும் ஒவ்வொண்ணாக் கொட்டியிருக்கான். வெந்தயம் கடைசி."

வாசற்படியில் நின்ற ஜோதிலட்சுமி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "கடுகு டப்பான்னுதானே அக்கா எழுதியிருந்தாங்க?"

"நான் எங்க எழுதினேன்?" என்ற உமா வாயைப் பொத்திக்கொண்டார். "எழுதினேன். ஆனா அழிச்சிட்டேனே!"

வெள்ளிக்கிழமை காலை 8.40-க்குப் பதிவு போட்டிருக்கிறார். கடைசிப் பத்தியில் அம்மாவின் தோடு. எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று வெந்தயத்தைக் கடுகு என்று மாற்றி எழுதினார். பிறகு அதுவும் புத்திகெட்ட வேலை என்று பட்டு, 8.52-க்குப் பத்தியையே தூக்கிவிட்டார். பன்னிரண்டு நிமிடம். அதற்குள் யார் பார்த்திருக்கப் போகிறார்கள் என்று நினைத்தாராம்.

ஜோதிலட்சுமி தன் போனை நீட்டினார். "பதிவு போட்ட உடனே எங்களுக்கு மெயில்ல வந்துரும்க்கா. நீங்க பெறகு திருத்துதது இதுல மாறாது. உங்க பிழையெல்லாம் என்கிட்ட பத்திரமா இருக்கு."

ஆவுடைத்தாய் அந்தப் பத்தியை வாசித்தாள். அதில் இன்னொரு வரியும் இருந்தது: 'இந்தத் தோட்டை என் வாசகி ஜோதிலட்சுமியின் மகளுக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுக்கப் போகிறேன்.'

"எனக்கு அதைப் பத்திக் கேக்கவே கூச்சமா இருந்துச்சு," என்றார் ஜோதிலட்சுமி.

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னியளா?"

"மூச்சு விடல," என்றார் உமா.

"மெயில் யார் யாருக்குப் போகுது?"

"ஏழு பேருக்கு. யாருன்னு நான் பார்த்ததே இல்ல."

"இப்பப் பாருங்க."

உமா மடிக்கணினியைத் திறந்து ஒவ்வொரு முகவரியாக வாசித்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவதில் குரல் நின்றுவிட்டது. கண் தம்பியின் பக்கம் போனது.

11.25.

"அண்ணாச்சி, நான் சொல்லுதேன், தப்புன்னா சொல்லுங்க," என்றாள் ஆவுடைத்தாய். குரலில் வெற்றியெல்லாம் இல்லை. சீக்கிரம் முடிந்தால் தேவலை என்றிருந்தது. "பிச்சம்மாளுக்குச் சரியான டப்பா தெரியும். அவங்க எடுத்திருந்தா கடுகைத் தொட்டிருக்க வேண்டாம். அப்போ, தப்பான டப்பாவை நம்பி வந்த ஆளு யாரு? அந்தப் பன்னிரண்டு நிமிசப் பத்திய மெயில்ல வாசிச்ச ஆளு. கதவைத் தூக்கி உந்தத் தெரிஞ்சவன், இந்த வீட்டுல வளர்ந்தவன். 'வீட்டுப் பிள்ளைக்கா வந்திருக்கப் போகுது'ன்னு கேட்டிய. தோடு வெளிய போகப் போகுதுன்னு அந்தப் பத்தியிலதான் இருந்துச்சு. ஒரு வரி வாசிக்காதவங்களுக்கு அது எப்படித் தெரியும்?"

கௌரிசங்கர் அழைப்பிதழ்க் கட்டைக் கீழே வைத்தார்.

"ஸ்கூட்டர் டிக்கியில இருக்கு."

"ஏலே, கேட்டிருக்கலாம்லா?" என்றார் உமா.

"அம்மா தோட்டை எம் மகளுக்குக் குடுன்னு நான் உன்கிட்ட கேக்கணுமாக்கா? யாரோ ஒருத்தங்களுக்குக் கேக்காமலே குடுக்க!"

உமா கேட்டது வேறு.

"எத்தனை நாளா வாசிக்க?"

"மொத நாள்லருந்து."

"அத்தான் போனப்ப எழுதினதையுமா?"

"கடையில ஷட்டரை இழுத்து விட்டுட்டு அழுதேன்."

"பாவி, ஒரு பின்னூட்டம் போட்டிருக்கலாம்லா."

அக்கா அழுதார். தம்பியும் அழுதார். ஜோதிலட்சுமி தோடு தனக்கு வேண்டவே வேண்டாம் என்று சொல்லி அழுதார். புகாரைத் திரும்பப் பெறுவதாக உமா எழுதிக் கொடுத்தார். ஆவுடைத்தாய்க்கு எல்லோர் மேலும் இரக்கமாகவும் எரிச்சலாகவும் இருந்தது. இத்தனை கண்ணீரிலும் புறவாசல் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

"நான் போவட்டுமா மேடம்?" என்று பிச்சம்மாள் எழுந்து நின்றார்.

உமா அப்போதுதான் விழித்தவர்போல் பார்த்தார். "பிச்சம்மா, நான்..."

"எம் பேத்தி உங்க எழுத்த வாசிச்சுக் காட்டுவாம்மா. நல்லா எழுதுதிய. நானும் அதுல நெறைய தடவை வந்திருக்கேன். 'வேலைக்கு வருகிற அம்மா'ன்னு." பிச்சம்மாள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அடுப்பு மேடையில் வைத்தார். "பதினோரு வருசத்துல எம் பேரை நீங்க எழுதினது இன்னைக்குப் புகார்லதான்."

அவர் புறவாசல் கதவின் நாதாங்கியை முறையாக எடுத்துத் திறந்துகொண்டு போனார். மணி 11.50.

திங்கள், காலை 6.35.

ஐந்தருவியில் கூட்டம் தொடங்கியிருந்தது. ஆவுடைத்தாயின் போனில் மெயில் வந்தது. நேற்றுக் கிளம்பும்போது தன் முகவரியையும் எட்டாவதாகச் சேர்க்கச் சொல்லியிருந்தாள். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

தலைப்பு: பிச்சம்மாள். கீழே இரண்டு வரி. 'பதினொரு வருடம் என் வீட்டைச் சுத்தமாக வைத்திருந்தவரின் பெயர் இது. அவர்மேல் நேற்று நான் திருட்டுப் பட்டம் கட்டினேன்.'

ஆவுடைத்தாய் மழைக்கோட்டுக்குள் போனை மறைத்து வைத்துக்கொண்டு பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தாள். பிறகு வலைப்பூவைத் திறந்து மெயிலோடு ஒத்துப் பார்த்தாள். ஒரு எழுத்துகூட அழிக்கப்படவில்லை. பிச்சம்மாள் வேலைக்கு வந்தாரா என்று அதில் இல்லை.

அவள் விசிலை வாயில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் இறங்கினாள்.