அழியாமல் போன பதினோரு வரிகள்

ஃபோன் அலறியது!

பல் துலக்கிக்கொண்டே எடுத்தாள் சின்னவள்.

"பராமரிப்பு இல்லத்துல இருந்து பேசறோம்... உங்கப்பா போயிட்டாரு. உடனே வாங்க!"

போய்ச் சேர்ந்தபோது அப்பா வெள்ளைத் துணிக்குள் இருந்தார். இரண்டு வருடம் படுக்கையிலேயே கிடந்த உடம்பு. ஜன்னலோரம் அண்ணன், கண்கள் வீங்கி நின்றான். மூலையில் நர்ஸம்மா விசும்பிக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் சிடுசிடுத்தார்.

"ஒரு மில்லி போட வேண்டிய வலி ஊசி. பத்து மில்லி போட்டிருக்கு இந்தம்மா!"

"ஸ்கிரீன்ல பத்துன்னுதான் சார் இருந்துச்சு! வலி தாங்காம துடிச்சாரு... டாக்டர் ஏத்திட்டாருன்னு நெனச்சேன்."

"நான் எழுதினது ஒண்ணு!" டாக்டர் கத்தினார்.

இன்ஸ்பெக்டர் நர்ஸம்மா பக்கம் திரும்பினார். "எங்க, ஸ்கிரீனைக் காட்டுங்கன்னா, பெரியவர் பேரே அதுல இல்ல! போட்டதும் போட்டுட்டு அழிச்சும் விட்டுட்டியாம்மா?"

"சத்தியமா இல்ல சார்..."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்! இரண்டு வருடம் அப்பாவைக் குளிப்பாட்டி, புரட்டிப் போட்டு, புண் வராமல் பார்த்துக்கொண்ட கைகள் அவை. அவற்றுக்கா விலங்கு? சின்னவளுக்கு மனசு கேட்கவில்லை.

"சார், இந்த சாஃப்ட்வேரை எழுதினது நானும் எங்கண்ணனும்தான். அரை மணி நேரம் கொடுங்க. உள்ள பார்த்துச் சொல்றேன்."

"இப்ப எதுக்குக் குட்டி?" அண்ணன் தடுத்தான். "முதல்ல அப்பாவை எடுத்துட்டுப் போவோம்."

"அப்பாவுக்கு இனி அவசரம் இல்லண்ணே. நர்ஸம்மாவுக்குத்தான் அவசரம்."

லேப்டாப்பைத் திறந்தாள்.

நோயாளிகள் டேபிள், அதாவது பட்டியல்... அப்பாவின் வரி இல்லை.

மருந்துகள் டேபிள்...

"சார்!"

அப்பாவின் எண்ணோடு பதினோரு வரிகள் அப்படியே இருந்தன! பதினோராவது வரியில் அந்த ஊசி. அளவு, பத்து. எழுதியவர், டாக்டர். தேதி, இரண்டு வாரத்துக்கு முன்பு.

இன்ஸ்பெக்டர் டாக்டர் பக்கம் திரும்பினார். டாக்டருக்கு வேர்த்துக் கொட்டியது.

"ஓஹோ! அப்ப நீங்கதானா?"

"இல்ல சார்..." சின்னவள் அந்த வரிகளையே பார்த்தாள். "இந்தப் பதினோரு வரியும் இருக்கவே கூடாது."

"புரியற மாதிரி சொல்லும்மா."

"இது பி.எச்.பி. ஃப்ரேம்வொர்க்ல, அதாவது பாதி வேலையைத் தானே பார்த்துக்கற ரெடிமேட் சட்டகத்துல எழுதினது. நோயாளி தாய்ப் பதிவு. மருந்தெல்லாம் அதோட பிள்ளைங்க. தாயை அழிச்சா பிள்ளைங்களையும் சேர்த்து அழின்னு ப்ரோக்ராம்ல ஒரு கட்டளை எழுதி வச்சிருக்கோம்."

"சரி?"

"டாக்டரோ நர்ஸம்மாவோ ஸ்கிரீன்ல பட்டனை அமுக்கியிருந்தா, அந்தக் கட்டளை ஓடியிருக்கும். ஒண்ணுகூட மிஞ்சியிருக்காது."

"ஆனா மிஞ்சியிருக்கே!"

"ஆமா. அந்தத் தாய்-பிள்ளை உறவு நாங்க எழுதின ப்ரோக்ராமுக்கு மட்டும்தான் தெரியும். டேபிளுக்குத் தெரியாது. யாரோ ஸ்கிரீன் பக்கமே போகாம, பதிவெல்லாம் இருக்கற டேட்டாபேஸுக்குள்ள நேரா நுழைஞ்சு அப்பா வரியை மட்டும் அழிச்சிருக்காங்க. ஒண்ணைப் பத்தா மாத்தினதும் அப்படித்தான். ஸ்கிரீன்ல மாத்தியிருந்தா மாத்தினவர் பேரும் தேதியும் ஏறியிருக்கும். அதான் தேதியும் மாறல, பேரும் மாறல."

"அங்க நுழையற பாஸ்வேர்டு எத்தனை பேருக்குத் தெரியும்?"

"ரெண்டு பேருக்கு."

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே உறைத்தது.

மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே... நீ இல்லன்னு சொல்லு."

அவன் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான்.

"தினமும் கெஞ்சினாரு குட்டி. 'என்னை அனுப்பி வச்சிடுடா'ன்னு. எத்தனை நாளைக்குத்தான் கேக்காத மாதிரி இருக்கிறது?"

"என்கிட்டயும் கேட்டாரு..." அவள் உடைந்தாள். "நான் பேச்சை மாத்திட்டு ஓடி வந்துடுவேன்."

"பதிவே இல்லன்னா நர்ஸம்மா மேல பழி வராதுன்னு நெனச்சேன். பழி வந்ததும் ஒத்துக்கணும்னுதான் நின்னேன். நாக்கு எழல."

"பிள்ளைங்க வரியை எப்படிண்ணே விட்டே? நீயா இப்படி?"

"எத்தனை வருஷப் பழக்கம்! தாய் போனா மத்ததை ஃப்ரேம்வொர்க் பார்த்துக்கும்னு கை பாட்டுக்கு விட்டுடுச்சு."

நர்ஸம்மா எழுந்து வந்தாள். திட்டுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் அண்ணனின் தலையில் கை வைத்து ஓவென்று அழுதாள்.

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். விலங்கை எடுத்தார்.

வாசல்வரை போன அண்ணன் திரும்பிப் பார்த்தான். கன்னமெல்லாம் கண்ணீர். உதட்டில் மட்டும் பழைய குறும்பு.

"குட்டி... வீட்டுக்குப் போனதும் முதல் வேலையா பாஸ்வேர்டை மாத்திடு. ஒரு கொலைகாரனுக்குத் தெரிஞ்சிருக்கு!"